திரும்பிப் பார்க்காத டிரைவர்

திண்டிவனத்தில் தாண்டவராயனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் குறைதான் காதில் விழும். நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், அடுத்தவர் வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்த்துக்கொள்வார், எல்லாம் சரி, ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்பார்கள். பின் சீட்டிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவர் ரோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். கேட்டவர் சம்பந்தியா, மந்திரிக்கு மச்சானா என்கிற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது.

தொழில், ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தங்களால் ஓட்ட முடியாதபோது போன் போட்டுக் கூப்பிடும் ஆள். சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, திண்டிவனம் வருவதற்குள் இடுப்பு கழன்றுபோய், மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டுகிற புண்ணியவான்கள் இருக்கும்வரை இந்தப் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. மற்ற டிரைவர்கள் வருவார்கள், சாவியை வாங்குவார்கள், சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தாண்டவராயன் மட்டும் சாவியைத் தொட மாட்டார். "ரெண்டு கிலோமீட்டரு நீங்களே ஓட்டுங்க சார், நான் பக்கத்துல உக்காந்து வர்றேன். அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பார்.

"ஓட்ட முடியாமத்தான்யா உன்னக் கூப்ட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. "சரி, ஒரு கிலோமீட்டரு" என்று பேரம் பேசுவாரே தவிர, விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த ஒரு கிலோமீட்டரில் பிரேக் எங்கே பிடிக்கிறது, வெயில் எந்தக் கண்ணில் அடிக்கிறது, முன்னால் யார், பின்னால் யார் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வார். இருபது வருஷத்தில் அவர் கையில் ஒரு வண்டிக்கும் கீறல் விழுந்ததில்லை. அதை மட்டும் ஊரில் யாரும் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் 2017இல் ஒரு சென்னைக் கம்பெனி, தானாக ஓடும் காருக்கு டிரைவராக எடுத்தது.

திண்டிவனத்துக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில் ஷெட்டில் அந்தக் கார் நின்றது. நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டால், வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் தானே பிடித்துக்கொள்ளும். முன்னால் லாரி போனால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நின்று கிடக்கிற வண்டிதான் அதற்கு அடையாளம் தெரியாது. தன்னால் முடியாத இடம் வந்தால் பீப் பீப் என்று அடித்து, 'நீ பிடி' என்று டிரைவரிடம் தள்ளிவிடும். அப்படித் தள்ளிவிடும்போது, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் எவ்வளவு சீக்கிரம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான் என்பதுதான் கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன டேப்லெட்டை மாட்டி, அதில் காமெடிப் படம் ஓட விட்டிருந்தார்கள். டிரைவர் ரோட்டை விட்டுவிட்டுப் படம் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இதையெல்லாம் பதிவு செய்ய விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்தவள் சகாய பிரியா. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், மாணவர்கள் குறைந்து சம்பளம் இழுத்தடித்ததால் அதை விட்டுவிட்டு இந்த ஒரு வருஷ வேலைக்கு வந்திருந்தாள். டிரைவருக்குப் பின் சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். பீப் அடித்ததிலிருந்து கை ஸ்டீயரிங்கைத் தொடும்வரை எத்தனை செகண்ட் என்று கம்ப்யூட்டர் காட்டும். அதைத் தாளில் எழுதி வாராவாரம் சென்னைக்கு அனுப்புவது அவள் வேலை.

டிரைவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் சீனுவாசன், முப்பது வயது, வளவனூர்க்காரன், சிரித்த முகம். படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பான், பீப் அடித்ததும் ஒரே செகண்டில் கை ஸ்டீயரிங்கில் இருக்கும். இன்னொருவர் தாண்டவராயன். படம் பாட்டுக்கு ஓடும், அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வாய் மட்டும் முணுமுணுக்கும். "முன்னால சிமெண்ட் லாரி. பின்னால வெள்ளைக் காரு, அவசரக்காரன். எடது பக்கம் மாடு." பீப் அடித்தால் நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, இடது கண்ணாடி என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கை எழும். நாலு செகண்ட். தாளில் எப்போதும் அவர்தான் கடைசி.

முதல் பத்து நாள் பிரியாவுக்கு அவர்மேல் எரிச்சல்தான். வயசாகிவிட்டது, கை வரவில்லை, அதைத்தான் கண்ணாடி பார்த்து மழுப்புகிறார் என்று நினைத்தாள். அப்புறம் ஒரு நாள் தன் மடியைக் கவனித்தாள். சீனுவாசன் வண்டியை வாங்கும்போதெல்லாம் லேப்டாப் வழுக்கும், அவளே முன் சீட்டில் மோதுவாள். ஒன்றுமே இல்லாத ரோட்டில் பிரேக் விழும், பத்து செகண்டுக்கு வண்டி அலைபாயும். தாண்டவராயன் வாங்கும்போது கார் கையிலிருந்து கைக்கு மாறியதே தெரியாது. கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் 'ஓ, இப்போது இவர் ஓட்டுகிறாரா' என்று தெரிந்துகொள்வாள். தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிற பக்குவம் அது. அன்றிலிருந்து அவர் வண்டியை வாங்குவதை அவள் வேலையை மறந்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். என்ன பிரயோஜனம், இதை எழுதுவதற்குத் தாளில் இடமே இல்லை. கை எத்தனை செகண்டில் வந்தது என்பது ஒன்றுதான் கேள்வி.

சென்னையிலிருந்து சக்கரபாணி போன் செய்தார். கம்பெனியில் இந்த வேலைக்கு அவர்தான் மேலாளர்.

"அந்தத் தாண்டவராயன் ரீடிங் எதுக்கும் உதவாதும்மா. கவனம் இல்லாதவன் எப்படித் திரும்பி வர்றான்னு பாக்கத்தான் இவ்வளவு செலவு பண்றோம். இவன் கவனத்த விட்டாத்தானே. வெள்ளிக்கிழம நானே வர்றேன். சரியில்லன்னா அன்னிக்கே அனுப்பிடலாம்."

பிரியா இதைத் தாண்டவராயனிடம் எப்படிச் சொல்வதென்று தவித்தாள். அவருடைய மனைவி அம்சாவுக்கு இடது கையும் காலும் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகலில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் இவர்தான் இருந்தாக வேண்டும். ஆக்டிங் டிரைவர் வேலையில் காலையில் கிளம்பினால் ராத்திரி திருச்சியா, திருப்பதியா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடுகிற வேலை இருபது வருஷத்தில் அவருக்கு இது ஒன்றுதான் கிடைத்திருந்தது.

"அண்ணா, வெள்ளிக்கிழம ஒரு நாளு மட்டும் அந்தப் படத்தப் பாருங்க. சென்னையிலேருந்து வர்ற சாரு பாத்துட்டுப் போயிடுவாரு" என்றாள்.

"பழகிப் பாக்குறேன் மேடம்" என்றார் அவர்.

புதன்கிழமை பழகிப் பார்த்தார். ஒலக்கூர் தாண்டியதும் கண்ணை டேப்லெட்டில் வைத்தார். முணுமுணுப்பு நின்றது. ஐந்து நிமிஷத்தில் படத்தில் யாரோ யார் மேலேயோ சாணியைக் கொட்ட, தாண்டவராயன் சிரித்தே விட்டார். அவர் சிரித்து பிரியா பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து பீப் அடித்தது. கை ஒரு செகண்டில் ஸ்டீயரிங்குக்குப் போனது, கூடவே காலும் பிரேக்கில் போய் விழுந்தது. எதிரே ஈ, காக்கா இல்லை. பின்னால் வந்த வேன் கிரீச்சென்று ஒதுங்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனது.

அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"எங்க இருக்கோம்னே தெரியல மேடம். கை ஸ்டீரிங்க புடிச்சிடுச்சு, ஆனா என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. எதப் பாத்து பிரேக் அடிச்சேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது." தண்ணீர் பாட்டிலை வாங்கி முகத்தைக் கழுவினார். "இந்த வேல வேணுந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி இத என்னால பண்ண முடியாது. நீங்க எழுதறத எழுதிடுங்க."

அன்றைய தாளில் அவர் பெயருக்கு எதிரே ஒரு செகண்ட் என்று எழுத வேண்டியிருந்தது. வந்த நாளிலிருந்து அவருடைய மிகச் சிறந்த ரீடிங் அதுதான். எழுதும்போது பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சக்கரபாணி வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கண்ணாடி, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆள். பின் சீட்டில் இடது பக்கம் அவர், டிரைவருக்குப் பின்னால் பிரியா. தாண்டவராயன் ஓட்ட உட்கார்ந்தார், சீனுவாசன் முன்னால் அவர் பக்கத்தில். வண்டி நாலுவழிச் சாலையில் ஏறித் தானாக ஓட ஆரம்பித்ததும் சக்கரபாணி பேச்சுக் கொடுத்தார்.

"எத்தன வருஷமா ஓட்டற?"

"இருவது சார்." கண் ரோட்டில்.

"இந்த வண்டி எப்படி இருக்கு? பயமா இருக்கா?"

"நல்லாத்தான் போவுது சார்." கண் ரோட்டில்.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சக்கரபாணி ஏழெட்டுக் கேள்வி கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, முகம் மட்டும் திரும்பவில்லை. சக்கரபாணி கெட்டவரில்லை. ஆனால் கேட்டால் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் குனிந்து பதில் சொல்கிற ஆட்களோடு இருபத்தைந்து வருஷம் பழகியவர். ஓட்டுகிற டிரைவர் திரும்பாவிட்டால் அவருக்கும் கோபம் வந்திருக்காது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவன் திரும்பாததுதான் சுருக்கென்று தைத்தது.

"பேசினா மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லத் தெரியாதா?"

"வண்டி ஓடிக்கினு இருக்குது சார்."

"நீ ஓட்டலையே."

"ஓடுதே சார்."

சக்கரபாணிக்கு முகம் சிவந்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். "சீனுவாசன், நீ வந்து ஓட்டு" என்றார். பிரியாவிடம் தணிந்த குரலில், "இன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிடு" என்றார். தணிந்த குரல்தான், ஆனால் முன் சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். தாண்டவராயன் இறங்கிச் சுற்றிவந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். வேறு ஆளாக இருந்தால் வேலை போன துக்கத்தில் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். இவர் அப்போதும் முன்னால் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்பக்க ரோட்டைப் பார்த்தார்.

சீனுவாசன் கையில் வண்டி மறுபடி தானாக ஓடத் தொடங்கியது. சக்கரபாணி அவனிடம் ஊரைக் கேட்டார். அவன் பாவம், மரியாதை தெரிந்த பிள்ளை. பெரிய மனுஷர் கேட்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னால் அவனை வளர்த்தவர்கள் ஏசுவார்கள். சொந்தக் கையால் ஓட்டியிருந்தால் திரும்பியிருக்க மாட்டான். இப்போது கை சும்மா இருந்தது, வண்டி சமர்த்தாகப் போனது. சீட்டில் நன்றாகத் திரும்பி, சக்கரபாணியின் முகத்தைப் பார்த்து, "வளவனூரு சார். எங்க வீட்டுல கரும்பு போட்டிருக்கோம் சார்" என்றான். சக்கரபாணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஏக்கருக்கு எத்தனை டன் வரும் என்று கேட்டார்.

முண்டியம்பாக்கம் தாண்டி ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். கறுப்பு வழவழவென்று இருந்தது, வெள்ளைக் கோடு இன்னும் போடவில்லை. கோடு போன இடத்தில் காருக்கும் புத்தி போய்விட்டது. பீப் பீப் என்று அடித்தது.

சீனுவாசன் சட்டென்று முன்னால் திரும்பினான். அவர்கள் போய்க்கொண்டிருந்த வரிசையிலேயே, எதிரில், ஒரு ஜல்லி லாரி நின்றிருந்தது. கை ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டது. வலது பக்கம் ஒடிக்கத் தோள் இறங்கியது.

அதற்குள் தாண்டவராயனின் வலது கை குறுக்கே வந்து ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து அசைய விடாமல் நிறுத்தியது. "வலதுல பஸ்ஸு. நேரா வெச்சி பிரேக் அடி" என்றார். குரல் உயரவில்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற குரல்தான் அது.

சீனுவாசன் பிரேக்கை மிதித்தான். மிதித்த அதே நொடியில் ஒரு பச்சை பஸ் காருக்கு வலது பக்கம் ஜன்னலை உரசுகிற மாதிரி ஹாரன் அலறப் பாய்ந்து போனது. கார் இரண்டு தேய்ப்பு தேய்த்து, லாரிக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றது. சக்கரபாணியின் கண்ணாடி முன் சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. லாரி நிழலில் தார் வேலை செய்கிற பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தூக்குச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கி காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். சாவு எவ்வளவு பக்கத்தில் வந்து போனது என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

"பின்னால காலி. இப்ப வலது எடுத்து மெதுவா போ" என்றார் தாண்டவராயன். அப்புறம்தான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சக்கரபாணி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம், லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பீப் அடித்ததிலிருந்து கை வர, பூஜ்யம் புள்ளி ஒன்பது செகண்ட் என்று பச்சை எழுத்தில் காட்டியது. இந்த மூன்று மாதத்தில் இப்படி ஒரு ரீடிங் வந்ததில்லை.

"சீனுவாசனோட பெஸ்ட்" என்றார். சொல்லும்போதே அவர் குரலில் வலு இல்லை.

பிரியா பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை. "எழுத மாட்டேன் சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். தன் வேலையும் சேர்ந்து போகலாம் என்று தெரிந்துதான் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் சீனுவாசன் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"மேடம், அந்த நம்பர என் பேர்ல போடாதீங்க. கைதான் என்னுது. என் கண்ணுக்கு லாரி மட்டுந்தான் தெரிஞ்சுது. பஸ்ஸுன்னு ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது. அண்ணன் புடிக்கலன்னா அது உள்ளாற வுட்டுருப்பேன்." கண் கலங்கிவிட்டது. சக்கரபாணி பக்கம் திரும்பினான். "அண்ணன அனுப்பறதுன்னா என்னையும் அனுப்பிடுங்க சார். இவரு பக்கத்துல இல்லாம எனக்கு இந்த வண்டிய ஓட்ட தைரியம் இல்ல."

சக்கரபாணி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு தாண்டவராயனிடம் போனார். அவர் ஸ்டீயரிங் அருகே குனிந்து ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

"டோல்கேட்டுல நமக்கு மூணு வண்டி தள்ளி நின்னுச்சு சார். நாம ஆள் மாத்திக் கெளம்பும்போதும் அங்கதான் மாட்டிக்கினு இருந்துச்சு. அந்த டிரைவரு அவசரப்பட்டுக்கினு இருந்தாரு. கெளம்பினா இந்நேரம் நம்மள வந்து புடிக்கணும். இன்னும் காணோமேன்னு பாத்துக்கினே வந்தேன்."

"நான் உங்கள அனுப்பச் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார்."

"அதுக்கப்புறமுமா பாத்துக்கிட்டு வந்தீங்க?"

தாண்டவராயனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "நாலு பேரு வண்டியில இருந்தோமே சார்" என்றார்.

சக்கரபாணி திரும்பி வந்து பிரியாவிடம் தாளைக் கேட்டு வாங்கினார். கை எத்தனை செகண்டில் வந்தது என்று அச்சடித்திருந்த தலைப்பின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே, பீப் அடித்த நேரத்தில் சுற்றிலும் என்ன இருந்தது என்று டிரைவருக்குத் தெரியுமா, என்று கையால் எழுதினார். அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. "கணக்க முடிக்க வேணாம்மா" என்று தாளை பிரியாவிடம் நீட்டினார்.

அவள் முதல் வரியில் தாண்டவராயன் என்று எழுதினாள். எதிரே, தெரியும் என்று எழுதினாள். இரண்டாவது வரியில் சீனுவாசன், தெரியாது. அவன் எட்டிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினான். மூன்றாவது வரியில் யாரும் கேட்காமலே தன் பெயரை எழுதி, தெரியாது என்று போட்டாள். சக்கரபாணி பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.